பிள்ளைகள் நன்றாக வாசிக்கக் கற்க ஊரின் ஆதரவைத் திரட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலேயே வகுப்பு ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ‘இதற்கு ஏதாவது செய்ய வேண்டும்’ என்று நினைக்கும் பெற்றோர், ஆசிரியர், தன்னார்வலர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். வாசிப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதும் இதில் வரும். ஆனால் முக்கியமாகப் பேசப்போவது, அந்த மாற்றத்துக்கு மக்களை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றி.

எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்களே. பிரச்சினை உண்மையிலேயே அவ்வளவு பெரிதா?

பெரிதுதான். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் 53 சதவீதம் பேரால் ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2019-ல் கணக்கிட்டது. கொரோனா காலத்துப் பள்ளி மூடல்களுக்குப் பிறகு, 2022-ல், அது 70 சதவீதம் ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டது. இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் 27.3 சதவீதம், 2022-ல் 20.5 சதவீதம், 2024-ல் 27.1 சதவீதம். பணக்கார நாடு என்றால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தேர்வில் 2024-ல் நான்காம் வகுப்பு மாணவர்களில் 40 சதவீதம் பேர் அடிப்படை மட்டத்துக்குக் கீழே இருந்தார்கள்.

இந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டு கூட்டத்தில் சொல்லத் தேவையில்லை. சொன்னால் பெரிய பலனும் இருக்காது. அதற்கான காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

ஏன் எப்போதும் மூன்றாம் வகுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள்?

அதற்குப் பிறகு வரும் பாடப்புத்தகங்கள் எல்லாம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே எழுதப்பட்டவை. அறிவியல், சமூக அறிவியல், கணக்குப் பாடத்தில் வரும் வாக்கியக் கணக்குகூட அப்படித்தான். நான்காம் வகுப்பு ஆசிரியர் எழுத்துக் கூட்டச் சொல்லித்தர மாட்டார். அது அவர் வேலை என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பது பெற்றோருக்குத் தெரியாமலா இருக்கும்?

பெரும்பாலும் தெரியாது. அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டில் கண்ணில் படுகிற அடையாளங்கள் எல்லாம் ‘நன்றாகப் படிக்கிறது’ என்றே சொல்லும். நோட்டு நிறைந்திருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதியதற்கெல்லாம் சிவப்பு மையில் சரி போட்டிருக்கும். பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிக்கும். சமையல் செய்துகொண்டே காதில் வாங்குகிற அம்மாவால் அது வாசிப்பா, மனப்பாடமா என்று பிரித்தறிய முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளையின் விரல் எந்தச் சொல்லில் இருக்கிறது, வாய் எந்தச் சொல்லைச் சொல்கிறது என்று கவனியுங்கள். விரல் ‘குளத்தில்’ என்ற சொல்லின் மேல் நின்றுகொண்டிருக்கும். வாய் ‘மீன் துள்ளியது’ வரை போயிருக்கும். இப்போது படத்தைக் கையால் மூடுங்கள். பத்தியின் நடுவில் ஒரு வரியைக் காட்டி, ‘இங்கிருந்து படி கண்ணு’ என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை முதல் வரிக்குப் போய், உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து, அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் வரியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்கும். கடைசியாக, அதே எழுத்துகளால் ஆன, ஆனால் பாடத்தில் இல்லாத மூன்று சொற்களை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை மெதுவாகவாவது சொல்லிவிடும்.

மதிப்பெண் அட்டை காட்டாததை இந்த ஐந்து நிமிடம் காட்டிவிடும். ஆதரவு திரட்டும் வேலை முழுவதும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

எழுத்தெல்லாம் தெரிந்துவிட்டால் வாசிப்பு தானாக வராதா?

வராது. பேச்சு தானாக வரும். வாசிப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எளிமையான ஒரு கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றத் தெரிவது ஒன்று, அந்தச் சொல்லின் பொருள் புரிவது இன்னொன்று; இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம்தான். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் வெளியிட்ட அறிக்கை இதை ஐந்தாகப் பிரித்துப் பார்த்தது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காதால் பிரித்தறிவது, ஒலியையும் எழுத்தையும் இணைப்பது, சரளம், சொல்வளம், பொருள் புரிதல்.

தமிழில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். ‘க, கா, கி, கீ’ என்று ராகம் போட்டு வரிசையாகச் சொல்லும் பிள்ளையிடம் தனியாக ஒரு ‘கூ’வைக் காட்டினால், மறுபடியும் ‘க’விலிருந்து தொடங்கி விரல் விட்டு எண்ணும். ‘கொடி’ என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அடுத்தது ககரம், கடைசியில் கால். காது கேட்பதோ முதலில் ‘க்’, அப்புறம் ‘ஒ’. கண் போகிற வரிசை வேறு, ஒலி வருகிற வரிசை வேறு. கொம்பை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை ‘கெடி’ என்கும். காலை மட்டும் பிடித்துக்கொண்டது ‘காடி’ என்கும். இரண்டுமே முட்டாள்தனம் இல்லை, பாதி வழி வந்ததன் அடையாளம். ஒரே ககரம் ‘பக்கம்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிப்பது இன்னொரு சிக்கல்.

சரளம் ஏன் முக்கியம் என்றால், ‘கு… ள… த்… தி… ல்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். படித்தான், ஆனால் புரியவில்லை என்பது பல நேரம் இதுதான்.

எந்த முறை சரி என்று நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. சாதாரண மக்கள் யாரை நம்புவது?

சண்டை பழையது. ஒலியையும் எழுத்தையும் முறையாக இணைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு தரப்பு. நல்ல கதைகளைக் கொடுத்துவிட்டால் படத்தையும் சூழலையும் வைத்துப் பிள்ளை ஊகித்துப் படித்துக்கொள்ளும் என்று இன்னொரு தரப்பு. ஹார்வர்டைச் சேர்ந்த ஜீன் சால் 1967-லேயே அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, முதல் தரப்புக்குத்தான் சான்று அதிகம் என்று எழுதினார். அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கை, ஆஸ்திரேலியாவின் 2005 விசாரணை, இங்கிலாந்தின் 2006 ரோஸ் அறிக்கை எல்லாம் ஏறத்தாழ அதே பக்கம்தான் வந்து நின்றன. அப்படியும் ஊகித்துப் படிக்கும் முறை பல வகுப்பறைகளில் தொடர்ந்தது. எமிலி ஹான்ஃபோர்ட் என்ற அமெரிக்கச் செய்தியாளர் 2022-ல் இதை ஒலித்தொடராக வெளியிட்டபோதுதான், தம் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது நிறையப் பெற்றோருக்குப் புரிந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தைப் பற்றியவை. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் சிக்கல் உலகில் தனி ரகம். அதற்காகச் செய்த பாடத்திட்டத்தை அப்படியே தூக்கிவந்து உயிர்மெய் எழுத்துள்ள மொழிகளில் ஒட்ட முடியாது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்ற அடிப்படை மட்டும் எல்லா மொழிக்கும் பொருந்தும். கூட்டத்தில் இவ்வளவு சொன்னால் போதும். முறைகளின் பெயர்களை இழுத்தால் பேச்சு திசை மாறிவிடும்.

புள்ளிவிவரங்களோடு துண்டறிக்கை அடித்து, கூட்டம் போட்டு விளக்கினால் மக்கள் தாமே களத்தில் இறங்க மாட்டார்களா?

எல்லாரும் முதலில் நினைப்பது இதுதான். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2010-ல் வெளியாயின. அங்கே கிராமக் கல்விக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. பெரும்பாலான பெற்றோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சில கிராமங்களில் கூட்டம் போட்டு, பள்ளி நிலைமையையும் குழுவின் அதிகாரங்களையும் விளக்கினார்கள். வேறு சில கிராமங்களில் அதோடு சேர்த்து, பிள்ளைகளின் வாசிப்பை ஊர்க்காரர்களே சோதித்து ஊருக்கான அறிக்கை அட்டை தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது வகைக் கிராமங்களில் இவை எல்லாவற்றோடும், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்த வழி செய்தார்கள்.

முதல் இரண்டு வகையிலும் எதுவும் அசையவில்லை. பெற்றோர் பள்ளியில் தலையிடுவதும் கூடவில்லை, பிள்ளைகளின் கற்றலும் கூடவில்லை. மூன்றாவதில் தன்னார்வலர்கள் வந்தார்கள், முகாம்கள் நடந்தன, வந்த பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியது. பள்ளிக்குள் மட்டும் அங்கேயும் மாற்றமில்லை.

கென்யாவிலும் இதே கதைதான். ஏசரைப் பார்த்துத் தொடங்கிய உவேசோ கணக்கெடுப்பில், பிள்ளையின் முடிவை வீட்டிலேயே பெற்றோரிடம் சொல்லி, என்ன செய்யலாம் என்றும் தாள் கொடுத்தார்கள். அதனால் பெற்றோரின் செயல்பாடு கூடியதா என்று தேடிய ஆய்வாளர்களுக்கு 2014-ல் கிடைத்த விடை, இல்லை. பாகிஸ்தானின் பஞ்சாபில் 112 கிராமங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஊரிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் மதிப்பெண் அட்டை கொடுத்தபோது கதை வேறு: மதிப்பெண் கூடியது, தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் இறங்கியது. அங்கே ஓர் ஊரிலேயே பல பள்ளிகள் இருந்தன. அட்டையை வைத்துப் பெற்றோரால் ஏதாவது செய்ய முடிந்தது, பள்ளிகளுக்கும் அது உறைத்தது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், தகவல் மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் மக்கள் கவலையோடு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த நாள் என்ன செய்வது என்று தெரிந்தால்தான் வருவார்கள். அதுவும், ‘மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்’ என்பது மாதிரி இல்லாமல், தம்மால் முடியும் என்று தோன்றுகிற வேலையாக இருக்க வேண்டும்.

அப்படியானால் எதில் தொடங்குவது?

பிள்ளை படிப்பதைப் பெரியவர்கள் தம் காதால் கேட்பதில்.

2005-ல் பிரதம் தொடங்கிய ஏசர் கணக்கெடுப்பின் கருவி ஒரே ஒரு தாள். எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு மட்டத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு மட்டத்தில் ஒரு கதை. பத்தியில் தொடங்க வேண்டும். படித்தால் அடுத்ததாகக் கதைக்குப் போகலாம். திணறினால் சொல்லுக்கு இறங்க வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. சோதனை பள்ளியில் நடப்பதில்லை, வீட்டு வாசலில் நடக்கும். ஒருவர் தாளோடு உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டு அத்தை என்று கூடிவிடுவார்கள். ‘ஐந்தாவது படிக்கிறான், இது தெரியாதா?’ என்று யாராவது சொல்வார்கள். பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

அந்த இடத்தில் உங்கள் கையில் அடுத்த வேலை தயாராக இருக்க வேண்டும். ‘தினமும் மாலை ஒரு மணி நேரம், இந்த இடத்தில், இவர் சொல்லித்தருவார். அனுப்புகிறீர்களா? வாரத்தில் ஒரு நாள் நீங்களும் வந்து உட்கார முடியுமா?’ பெயரை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அறிக்கையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னால் பிள்ளைக்கு அவமானமாக இருக்காதா?

இருக்கும். அதனால் ‘இவன் எந்த மட்டம்’ என்பதைப் பிள்ளையின் காதில் விழும்படி அறிவிக்கக் கூடாது. பிள்ளைக்கு வருகிற ஒரு மட்டத்தைப் படிக்க வைத்து, பாராட்டி அனுப்பிவிட்டு, பெரியவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் ஊர்க் கூட்டத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக் கூடாது. வேண்டுமானால், ‘இந்தத் தெருவில் இத்தனை பேருக்குச் சொல் மட்டம் வருகிறது’ என்று மொத்தமாகச் சொல்லலாம்.

பள்ளியிடமும் அரசிடமும் என்ன கேட்பது?

குறைவாகக் கேளுங்கள், அளந்து பார்க்க முடிவதைக் கேளுங்கள். ‘கல்வித் தரத்தை உயர்த்துக’ என்ற மனுவை எந்த அலுவலரும் மறுக்க மாட்டார். எதுவும் செய்யவும் மாட்டார்.

கென்யாவில் 2015 முதல் நாடு முழுவதும் நடந்த டுசோமே என்ற வாசிப்புத் திட்டத்தில் இருந்தவை அதிசயமானவை அல்ல. ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு புத்தகம். இன்று என்ன பாடம், எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்குத் தெளிவான கையேடு. வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்து பார்த்து உதவுகிற வழிகாட்டி. அந்த வழிகாட்டி கையில் கைக்கணினியோடு வந்து சில பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். உண்மையிலேயே வந்தாரா என்பதும் அதில் பதிவானது.

இன்னொன்று, நாள்தோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வகுப்பின்படி இல்லாமல் வாசிப்பு மட்டத்தின்படி பிரித்து உட்கார வைப்பது. பிரதம் வளர்த்தெடுத்த இந்த முறை இந்தியாவில் பல மாநிலங்களில் சோதிக்கப்பட்டு, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கிறது. செலவு அதிகமில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் ‘போர்ஷன்’ ஓடாது என்பதைத் தலைமை ஆசிரியரும் மேலதிகாரியும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பணத்தைவிட இந்தச் சம்மதம்தான் கடினம்.

ஆக, முதல் இரண்டு வகுப்புகளில் தினமும் வாசிப்புக்கென்று தனி நேரம், வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு புத்தகம், ஆசிரியருக்கு வகுப்பறையிலேயே உதவ ஒருவர், ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு பிள்ளையும் படிப்பதைக் கேட்பது. இவற்றில் உங்கள் பள்ளியில் எது இல்லையோ, அதில் ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் எங்களை எதிரிகளாகப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் எதிரிகள் மாதிரிப் பேசியிருக்கலாம். ‘ஐந்தாவது படிக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை’ என்ற வாக்கியத்தை ஆசிரியர் கேட்கும்போது, ‘நீ வேலை செய்யவில்லை’ என்றுதான் அவர் காதில் விழும்.

அவர் பக்கம் நின்று பாருங்கள். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள். மேலே இருந்து வரும் உத்தரவு பாடத்தை முடி என்கிறது. பதிவேடு, இணையப் பதிவு, இன்னும் பத்து வேலை. எல்லாவற்றுக்கும் மேலே, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அதை எந்த வரிசையில், எப்படிச் சொல்லித்தருவது என்பதைப் பல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் சரியாகச் சொல்லித்தருவதே இல்லை. தனக்குக் கற்றுக்கொடுக்கப்படாத ஒன்றை ஒருவர் செய்யவில்லை என்று கோபப்படுவதில் நியாயம் குறைவு.

மாற்றம் நின்று நிலைத்த இடங்களில் ஆசிரியர்தான் முதலில் ஆதரவு பெற்றிருக்கிறார். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் ஆசிரியர்களுக்கு வாசிப்பு அறிவியலில் நீண்ட பயிற்சி கொடுத்து, மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு வழிகாட்டி ஆசிரியர்களை அனுப்பியது. பிரேசிலின் சோப்ரால் நகரில் 2000-ஐ ஒட்டி நடத்திய சோதனையில் இரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை. அரசியல் சிபாரிசில் தலைமை ஆசிரியர்களை நியமிப்பதை நிறுத்தி, தகுதி பார்த்து எடுத்தார்கள். மாதந்தோறும் பயிற்சி, தெளிவான பாடக் குறிப்பு, நன்றாக நடத்தியவர்களுக்கு ஊக்கத்தொகை. சுமார் பதினைந்து ஆண்டுகளில் பிரேசிலின் தேசியக் கல்விக் குறியீட்டில் அந்த நகரம் முதலிடத்துக்கு வந்தது. பணக்கார நகரம் இல்லை அது.

நடைமுறையில், கோரிக்கை மனுவை எழுதும் முன்பே முதல் வகுப்பு ஆசிரியர்கள் இரண்டு பேரோடு உட்காருங்கள். ‘டீச்சர், உங்களுக்கு என்ன கிடைத்தால் இது முடியும்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை மனுவின் முதல் வரியாகப் போடுங்கள். ஆசிரியர் சங்கத்திடமும் முதலிலேயே போய்ப் பேசிவிடுங்கள். செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

மிசிசிப்பியில் அதிசயம் நடந்ததாகச் சொல்கிறார்களே?

நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-ல் அந்த மாநிலம் அமெரிக்காவில் 49-வது இடம். 2019-ல் தேசிய சராசரியைத் தொட்டது. 2024-ல் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 2013-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், அதனால் நடந்தது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் ஜிம் பார்க்ஸ்டேல் என்ற தொழிலதிபர் 2000-லேயே 10 கோடி டாலர் கொடுத்து அங்கே ஒரு வாசிப்பு நிறுவனத்தைத் தொடங்கிவைத்திருந்தார். சட்டம் வருவதற்கு முன் 13 ஆண்டுகள் யாரோ வகுப்பறைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதிசயம் என்ற சொல் அவர்களை மறைத்துவிடுகிறது.

மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை நிறுத்திவைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

மிசிசிப்பி சட்டத்தில் அதுவும் இருந்தது, அதுதான் அதிகம் விவாதிக்கப்பட்டதும். பயிற்சியும் வழிகாட்டியும் கூடுதல் உதவியும் இல்லாமல் நிறுத்திவைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், அதே பிள்ளை அதே வகுப்பில் அதே பாடத்தை இன்னொரு வருடம் ஒப்பிக்கும். இதைக் கோரிக்கையில் சேர்த்தால் பெற்றோர் ஆதரவும் போய்விடும். விட்டுவிடுங்கள்.

நூலகம் திறந்து நிறையப் புத்தகம் கொடுத்தால் போதாதா?

எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு அது வரம். தெரியாத பிள்ளைக்கு அது படம் பார்க்கும் இடம். நன்கொடையாளர்களுக்கு நூலகத் திறப்பு விழா பிடிக்கும், படம் எடுக்கலாம். அந்தப் பணத்தில் பாதியை வாசிப்பு முகாமுக்குக் கேட்டுப் பாருங்கள்.

கைபேசிச் செயலிகள்?

பயிற்சிக்கு உதவும். பிள்ளை தப்பாகப் படிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்கிற ஆளுக்கு மாற்றாகாது.

எங்கள் பெற்றோர்கள் பலருக்கே வாசிக்கத் தெரியாது. அவர்களால் என்ன செய்ய முடியும்?

நிறைய. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, விரலும் வாயும் ஒன்றாகப் போகிறதா என்று பார்க்க வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கவும் தெரிய வேண்டியதில்லை.

பேசுவதும் கதை சொல்வதும் வாசிப்பின் மறுபாதி. 1988-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பத்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விதை எப்படி முளைக்கும், மழை எங்கிருந்து வரும், தறி எப்படி ஓடும் என்று வேலைக்கு நடுவே பேசிக்கொண்டே இருக்கும் பாட்டி, பேத்தியின் வாசிப்புக்குத்தான் உரம் போடுகிறார்.

கூட்டத்தில் பேச ஆள் தேடும்போதும் இவர்களை விட்டுவிடாதீர்கள். ‘நான்தான் படிக்கவில்லை, இவளாவது படிக்கட்டும் என்று அனுப்பினேன்’ என்று ஓர் அம்மா எழுந்து சொன்னால், அதற்கு அதிகாரியிடம் தயாரான பதில் இருக்காது.

எந்த மொழியில் வாசிக்கக் கற்பது என்ற சண்டையில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

முழுவதுமாகத் தப்பிக்க முடியாது. பேசத் தெரிந்த மொழியில் வாசிக்கக் கற்பது எளிது. எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைச் சொன்னதும் ‘ஓ, இதுவா!’ என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தெரியாத மொழியில் சரியாகச் சொன்னாலும் சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது. ஒரு மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பிடிபட்ட பிள்ளைக்கு அடுத்த மொழி சீக்கிரம் வரும். பெற்றோருக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதைக் கேலி செய்து ஆதரவு திரட்ட முடியாது. ‘ஆங்கிலமும் நன்றாக வர வேண்டுமென்றால் முதலில் இது வரட்டும்’ என்று பேசலாம்.

டிஸ்லெக்சியா (அறிவுக் குறைவு இல்லாமலேயே வாசிக்கச் சிரமப்படும் நிலை) உள்ள பிள்ளைகளின் பெற்றோரைச் சேர்த்தால் கோரிக்கை குறுகிவிடுமா?

மாறாக, விரியும். 2011-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அப்படிப்பட்ட பெற்றோர் சிலர் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது 50 மாநிலங்களுக்கும் பரவியது. வாசிப்புச் சட்டங்கள் பல வருவதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சொல்லித்தருவது அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டாயம், மற்ற பிள்ளைகளுக்கும் நல்லது. அதோடு, வருடக்கணக்கில் கதவு கதவாகத் தட்டிப் பழகியவர்கள் அவர்கள்.

அரசியல்வாதிகளுக்கு இதில் என்ன ஆர்வம் இருக்கும்?

கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம், வாசிப்புக்கு வெட்ட முடியாது. அதுதான் சிக்கல். பிரேசிலின் சியாரா மாநிலம் (சோப்ரால் இருக்கும் மாநிலம்தான்) இதற்கு ஒரு வழி கண்டது. மாநில வரியில் நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கல்வி முடிவுகளோடு இணைத்து 2007-ல் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு, பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்பது மேயர்களின் சொந்தக் கவலை ஆகிவிட்டது.

அந்த அளவுக்கு உங்களால் போக முடியாவிட்டால், உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரை வாசிப்பு முகாமுக்கு அழையுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு பாயில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வைத்து, தாளை அவர் கையில் கொடுத்து, அவரையே கேட்கச் சொல்லுங்கள். எல்லாக் கட்சிக்காரர்களையும் தனித்தனியாக அழையுங்கள். ஒரு கட்சியின் திட்டம் என்று பெயர் விழுந்தால் அடுத்த ஆட்சியில் அது முதலில் போகும்.

அரசு ஒப்புக்கொண்டுவிட்டது, உத்தரவும் வந்துவிட்டது. வேலை முடிந்ததா?

இல்லை. அமெரிக்கா 2002-ல் தொடக்க வகுப்பு வாசிப்புக்கென்று ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. சில பாடப்புத்தகங்களுக்கு அதிகாரிகள் சாதகம் காட்டினார்கள் என்று 2006-ல் தணிக்கையில் புகார் எழுந்தது. 2008-ல் வந்த மதிப்பீடு, எழுத்துக் கூட்டுவதில் கொஞ்சம் முன்னேற்றம், பொருள் புரிதலில் இல்லை என்றது. பணம் வெட்டப்பட்டபோது, அதைக் காப்பாற்றத் தெருவில் இறங்க ஆள் இல்லை. மேலிருந்து வந்த திட்டம், மேலேயே முடிந்தது.

அதனால் உத்தரவு வந்த வாரத்திலேயே பார்க்க வேண்டியவை வேறு. புத்தகம் பிள்ளை கையில் இருக்கிறதா, அலமாரியில் பூட்டியிருக்கிறதா? வாசிப்பு நேரம் கால அட்டவணையில் மட்டும் இருக்கிறதா, வகுப்பிலும் இருக்கிறதா? வழிகாட்டி கடைசியாக எப்போது வந்தார்? முதல் சுற்றில் வீடு வீடாகப் போனவர்களே ஆறு மாதம் கழித்து அதே தாளின் இன்னொரு படிவத்தோடு அதே தெருக்களுக்குப் போகட்டும். பழைய தாளையே எடுத்துப் போனால், அதற்குள் பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்திருப்பார்கள்.